வயதான நாய்க்கு எதற்கு அலங்காரம்?

கத்திரி வெயில் தொடங்கப் போகிறது என்றால் நம் ஊர் நாய்க் குரூமிங் கடைகளில் அதிகம் காதில் விழும் சொல் ‘மொட்டை’. கோல்டன் ரெட்ரீவரோ பொமரேனியனோ, ஷிட்ஸுவோ நீளமுடி ஜெர்மன் ஷெப்பர்டோ, எதற்கும் அதே கோரிக்கைதான். நாய்க்கு எட்டு, ஒன்பது வயதாகி, எழுந்திருக்கும்போது முனகி, மாடிப்படி ஏறத் தயங்க ஆரம்பித்துவிட்டால் வீட்டில் அந்த முடிவு இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது. “பாவம், அதுக்கே மூட்டு வலி. இதுல தினமும் சீப்பை எடுத்துக்கிட்டுப் போய் அதைப் படுத்தணுமா? ஒட்ட வழிச்சு விட்டுட்டா அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.” இப்படிச் சொல்பவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. நாய்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கடைக்காரரும் தலையாட்டுகிறார். அக்கம்பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களும் ஆமோதிக்கிறார்கள். மறுத்துப் பேசுவோர் அபூர்வம்.

நான் மறுக்கிறேன். மூட்டு வலியுள்ள நீளமுடி நாயை வாருவதும், அதன் பாத முடியையும் நகத்தையும் வெட்டுவதும் அலங்காரக் கணக்கில் சேரவே சேராது. மாத்திரை, எடைக் கட்டுப்பாடு, மெதுவான நடை ஆகியவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய சிகிச்சை அது. அதை நிறுத்தினால் வலி கூடுகிறது. ஆண்டுக்கொரு மொட்டையால் அதை ஈடுகட்ட முடியாது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கோபம் கொஞ்சம் தணியத்தான் செய்கிறது. நாம் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய்களுக்குச் சீப்பே தேவைப்பட்டதில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே குட்டைமுடி நாய்கள். எப்போதாவது கிணற்றடியில் தண்ணீர் ஊற்றி, உண்ணி இருந்தால் பிடுங்கிப் போட்டால் வேலை முடிந்தது. நீளமுடி நாய் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது பொமரேனியன் என்று நாம் கூப்பிடும் வெள்ளை ஸ்பிட்ஸோடுதான். பின்னாலேயே ஷிட்ஸுவும் கோல்டனும் வந்தன. நாய் வந்த வேகத்தில் அதை வாரும் பழக்கம் வரவில்லை. பழக்கம் இல்லாத இடத்தில் தெரிந்த வைத்தியத்தைப் பொருத்திக்கொண்டோம். வேர்க்குரு, பேன், சூடு எது வந்தாலும் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு மொட்டை போடுகிற ஊர் இது. நாய்க்கும் அதையே செய்கிறோம்.

ஆனால் பிள்ளையின் தலை வியர்க்கும்; நாயின் முதுகு அப்படி வியர்ப்பதில்லை. சூட்டைத் தணிக்கும் அளவுக்கு வியர்வை நாய்க்கு எங்கும் சுரப்பதில்லை. பாதங்களில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். உடல் சூட்டை அது முக்கியமாக மூச்சு வாங்கித்தான் வெளியேற்றுகிறது. காற்று தோலைத் தொடவிடாமல் தடுப்பது உதிர்ந்தும் விழாமல் உள்ளே சிக்கிக் கிடக்கும் பஞ்சுபோன்ற அடிமுடி. அதை வாரி எடுத்தால் போதும். அதை விட்டுவிட்டு மேல்முடியோடு சேர்த்து ஒட்ட வழித்தால், ஸ்பிட்ஸ், ஹஸ்கி, சௌ சௌ போன்ற அடர்முடி நாய்களில் சிலவற்றுக்கு வழித்த இடத்தில் முடி மாதக்கணக்கில் முளைக்காமலே நின்றுவிடும். ஆறு மாதமும் ஆகலாம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தோல் மருத்துவ நூல்களில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. முளைக்கும்போதும் பல நாய்களுக்கு அடிமுடிதான் முதலில் திமுதிமுவென்று வளர்ந்து, முன்னைவிட மோசமாகச் சிக்கு விழுகிறது.

மூட்டு நாய்க்கு இதில் தனி நஷ்டம் ஒன்றும் உண்டு. நாளின் பெரும்பகுதியை அது படுத்தே கழிக்கிறது. முழங்கை, இடுப்பெலும்பின் முனை, பின்னங்கால் முட்டி என்று தரையில் அழுந்தும் இடங்களில் தரைக்கும் எலும்புக்கும் நடுவே இருந்தது அந்த முடிதான். அது போனபின் டைல்ஸ்மீது வெறும் தோல் அழுந்துகிறது; காய்ப்புக் காய்க்கிறது, சில நாய்களுக்குப் புண்ணே ஆகிவிடுகிறது. வெயில் விவாதத்தை இதோடு விடுகிறேன். அதைப் பற்றி ஊரில் நிறையப் பேசியாகிவிட்டது. மூட்டைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நாயின் இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதில் உட்காரும் பந்தும். சில நாய்களுக்குக் கிண்ணம் ஆழமில்லாமல், பந்து தளர்ந்து, வளர வளர உராய்ந்து தேய்கிறது. நாய்களில் இந்தக் கோளாறை அமெரிக்காவில் ஜெர்ரி ஷ்னெல் என்ற கால்நடை மருத்துவர் 1935லேயே விவரித்துவிட்டார். எக்ஸ்ரே பார்த்து இடுப்பைத் தரம்பிரித்துப் பதிவு செய்யவே 1966ல் அங்கே ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது, ஓ.எஃப்.ஏ. என்று நாய் வளர்ப்பவர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் பதிவேட்டில் கோல்டன் ரெட்ரீவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இடுப்பு சரியில்லை. சிறிய நாய்களுக்குப் பிரச்சினை வேறு இடத்தில்: பொமரேனியன், ஷிட்ஸு, லாசா வகைகளுக்கு முழங்காற்சில்லு தன் பள்ளத்திலிருந்து உட்பக்கமாக நழுவும். நடந்துகொண்டே இருக்கும் நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நாலடி தத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலக் காலை ஊன்றும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. இவற்றோடு வயது சேரும்போது குருத்தெலும்பு தேய்கிறது. தேய்ந்தது திரும்ப வளர்வதில்லை.

இப்போது சிக்குக்கு வருவோம். நீளமுடி நாய்க்குச் சிக்கு எங்கே விழுகிறது என்று கையை விட்டுப் பாருங்கள். காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் கக்கத்தில், தொடை இடுக்கில், வாலடியில். கக்கமும் தொடை இடுக்கும் ஒவ்வொரு அடிக்கும் விரிந்து சுருங்கும் இடங்கள். அங்கே முடி சடையாகத் திரிந்து தோலோடு இறுகிவிட்டால், கால் முன்னே போகும்போதெல்லாம் தோலைப் பிடித்து இழுக்கும். நாய் காலை நீட்டி வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். குறுகிய அடியாக வைத்துவைத்து, பயன்படாத தொடைத் தசை கரையும். மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். வீட்டில் “மூட்டு முத்திப்போச்சு” என்பார்கள். மாத்திரையைக் கூட்டுவார்கள். கக்கத்தில் விரல் விட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

மூட்டு நோய் வந்த நாய்க்குத்தான் சிக்கு இன்னும் அதிகம் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான நாய் வளைந்து திரும்பித் தன் இடுப்பைத் தானே கடித்து, நக்கி, உதறிச் சுத்தம் செய்துகொள்ளும். முதுகும் இடுப்பும் இறுகிய நாயால் அந்த வளைவு முடியாது. வலி குறைவான ஒரே பக்கமாகப் படுத்துக் கிடப்பதால் அந்தப் பக்க முடி நசுங்கித் தடுக்குப்போல ஆகிறது. மலம் கழிக்க ஒழுங்காகக் குந்த முடியாததால் பின்தொடைத் தோகையில் ஒட்டிக்கொள்கிறது. சிறுநீரும் அதிலேயே படிகிறது. நம் தட்பவெப்பத்தில் ஈரமும் அழுக்கும் சேர்ந்த சடைக்கு அடியில் என்ன நடக்கும் என்று எந்தக் கால்நடை மருத்துவரையும் கேளுங்கள். தோல் அழுகும், ஈ முட்டையிடும், புழு வைத்துவிடும். மேலே பார்த்தால் பளபளவென்று நீளமுடி, அடியில் குழிப்புண். வலிக்குமே என்று இரக்கப்பட்டு வாராமல் விட்டதன் விளைவு இது.

“அதனால்தான் சொல்றோம், வழிச்சிடுங்கன்னு” என்று இந்த இடத்தில் எதிர்க்கட்சி குறுக்கிடும். சடையாகிவிட்ட நாய்க்கு அது சில சமயம் சரிதான். அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் மொட்டையால் போகாத இரண்டு இடங்கள் இருக்கின்றன. மூட்டுக்கு மிக முக்கியமான இடங்களும் அவைதான்: பாதத்து முடியும் நகமும்.

இன்று நம் வீடுகளின் தரை கண்ணாடிபோல வழுக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ். நாயின் பாதத்தில் தரையைப் பற்றிக்கொள்வது கருப்பாக, சொரசொரப்பாக இருக்கும் மெத்தைத் தசை. நீளமுடி நாய்க்கு அந்த மெத்தைகளின் இடுக்கிலிருந்து முடி வளர்ந்து பாதத்தையே மூடிவிடும். எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள் இரண்டும் இருபுறமும் அகன்று வழுக்குகின்றன. இடுப்புக் கிண்ணத்தில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பந்துக்கு அந்த வழுக்கல் எவ்வளவு வேதனை என்று சொல்ல வேண்டியதில்லை. பல முறை வழுக்கிய நாய் எழுந்திருக்கவே பயப்படும். “இப்பல்லாம் இடத்தை விட்டே நகரமாட்டேங்குது” என்று வீட்டார் கவலைப்படும் நாய்களின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். மெத்தையோடு சமமாக அந்த முடியைக் கத்தரிப்பது கொஞ்ச நேர வேலை. கூடவே அது நடக்கும் வழியில் இரண்டு யோகா பாய்களை விரித்துவிட்டால் செலவும் அதிகமில்லை.

நகம் அடுத்தது. நடக்கும்போது தரையில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். நீண்ட நகம் தரையில் முட்டி விரலைப் பின்னுக்கும் மேலுக்கும் தள்ளும்; நாய் எடையைப் பாதத்தின் பின்பக்கம் சாய்த்துக்கொள்ளும்; அதற்கேற்ப மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் கோணல் நிலைக்குப் பழகும். அதிகம் நடக்காத நாய்க்கு நகம் தேயவும் தேயாது. உட்பக்கம் தனியாகத் தொங்கும் கட்டைவிரல் நகம் தரையையே தொடாததால் சுருண்டு சதைக்குள் ஏறிவிடும். நகத்துக்குள் ரத்தநாளம் ஓடுகிறது. வெட்டாமல் விட்டால் அதுவும் சேர்ந்து நீளும். வாரம் ஒருமுறை துளித்துளியாகச் சீவிக்கொண்டே வந்தால் அது பின்வாங்கும். ஆகவே ஆண்டுக்கு நான்கு தடவை ‘ஒட்ட வெட்டி’ ரத்தம் பார்ப்பதைவிட, வாரம் ஒரு சீவல் எவ்வளவோ மேல். குளுக்கோசமைன் பொடிக்கு மாதாமாதம் பணத்தை அள்ளிக் கொடுப்பவர்கள் நகவெட்டி வாங்க யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பொடி நாயின் மூட்டு வலியைக் குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று இதுவரை இல்லை.

சீப்பு பிடித்த கை வேறு சிலவற்றையும் கண்டுபிடிக்கும். நீளமுடி ஏமாற்றக்கூடியது, அதற்கடியில் நாய் பருத்திருக்கிறதா, தொடை வற்றியிருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. எடை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நாய்த்தீனி நிறுவனமான பியூரினா நடத்தி 2002ல் வெளியான ஆய்வு ஒன்றே போதும். 48 லாப்ரடார்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். ஒல்லி நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகவே தலைகாட்டியது. வாரும்போது விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் தட்டைக் குறைக்க வேண்டும் என்று பொருள். உண்ணியும் அப்படித்தான். உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமியே சில நாய்களுக்கு மூட்டுகளை வீங்கவைத்து நொண்டவைக்கும். தினமும் வாரப்படும் நாயில் உண்ணி அதிக நாள் தங்காது.

இனி இந்த வழக்கின் நடுப்பகுதிக்கு வருகிறேன். “வாரலாம் சார், ஆனா அது விட்டாத்தானே? கடிக்க வருதே.”

சென்னையில் ஒரு கடையில் ஒரு வயதான கோல்டனை வாருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் நிறுத்தி, கழுத்தில் சுருக்கு மாட்டியிருந்தார்கள். தலை, மார்பு, முன்னங்கால்வரை சாதுவாக நின்றது. பின்னங்காலைப் பிடித்ததும் திரும்பி உறுமியது. வாரிக்கொண்டிருந்த தம்பி, “பின்கால் தொட்டாலே இப்படித்தான் மேடம். வாய் கட்டிடலாமா?” என்றார். “கட்டிக்கோப்பா, வீட்ல எங்களையே தொடவிட மாட்டேங்குது. வயசாக வயசாகக் கோவம் ஜாஸ்தியாயிடுச்சு” என்றார் அந்த அம்மா. முன்னங்கால்வரை பொறுமையாக இருந்த நாய்க்குப் பின்னங்காலில் மட்டும் கெட்ட குணம் வந்துவிடுமா? குணம் உடம்பில் இடம் பார்த்து உட்காருமா? வலிதான் இடம் பார்த்து உட்காரும்.

அந்தத் தம்பி செய்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பின்தொடைத் தோகையை வார வசதியாக, நிற்கும் நாயின் பின்னங்காலைத் தூக்கிப் பின்பக்கமாக நீட்டி இழுத்தார். நாய்க்கு இடுப்பு வலி இருக்கிறதா என்று பரிசோதிக்க எலும்பு மருத்துவர்கள் செய்வது ஏறக்குறைய இதையேதான்: காலைப் பின்னுக்கு நீட்டிப் பார்ப்பார்கள்; நாய் திரும்பிப் பார்த்தால், முனகினால், உறுமினால் இடுப்பில் கோளாறு என்று குறித்துக்கொள்வார்கள். மருத்துவமனையில் நோய்க்குறியாக எழுதப்படுவது கடையில் கோபமாக எழுதப்படுகிறது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் அவருடைய சகாக்களும், நடத்தைக் கோளாறு என்று நிபுணர்களிடம் அனுப்பப்பட்ட நாய், பூனைகளைப் பற்றி 2020ல் எழுதினார்கள். குறைத்து மதிப்பிட்டாலும் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலிநோய் இருக்கிறது. சில இடங்களில் இந்தப் பங்கு 80 சதவீதத்தை நெருங்கக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. உறுமுவது எச்சரிக்கை. அதற்கு முன்பே நாய் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும், உடம்பை விறைக்கும். இவற்றையெல்லாம் கவனிக்காமல் உறுமலுக்கு மட்டும் அதட்டல் கொடுத்தால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கப் பழகிவிடும்.

வாய்ப்பூட்டுக்கு அடுத்தபடியாக மயக்க ஊசி வருகிறது. “ஒரு ஊசி போட்டா ஜம்முனு படுத்துக்கும்.” நாய்களை அமைதிப்படுத்தப் பரவலாகப் பயன்படும் அசிபுரோமசின் வலி நிவாரணி கிடையாது. நாய் அசையாமல் கிடக்கும். மூட்டைத் திருகினால் வலி அப்படியே இருக்கும். ரத்த அழுத்தத்தையும் அது குறைக்கும் என்பதால் வயதான நாய்க்கும், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் கொடுக்கவே கூடாது. மயக்கம் தேவைப்படும் நாய்கள் உண்டு. வலிமருந்தையும் சேர்த்து, மருத்துவமனையில் வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும். நம் அலமாரியில் இருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைத் தயவுசெய்து நாய்க்குக் கொடுக்காதீர்கள். வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும். வலித் தைலமும் வேண்டாம். நாய் அதை நக்கும். நீளமுடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் அதுவே புதிய சிக்கு.

அப்படியானால் எப்படித்தான் வாருவது? நம் வீடுகளுக்கு இது புதிய வித்தை இல்லை. பெண்பிள்ளைக்குச் சிக்கெடுத்த எந்தப் பாட்டிக்கும் தெரிந்ததுதான்: முடியின் அடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வருவது. இழுப்பு கையோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. நாய்க்கும் அதேதான். இறுகிய சிக்கில் சோளமாவைத் தூவி விரலால் பிரித்துவிட்டுப் பிறகு சீப்பை விட்டால் வழுக்கிக்கொண்டு வரும். கத்தரிக்கோலை மட்டும் சிக்குக்கு அடியில் விடாதீர்கள். நாயின் தோல் மெல்லியது. சிக்கோடு சேர்ந்து மேலே எழும்பி நிற்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிட்டு அலறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. குளிப்பாட்டும் முன்பே வாரி முடித்துவிடுங்கள். ஈரம் பட்ட சிக்கு இன்னும் இறுகும்.

மூட்டு நாய்க்கு மாற்ற வேண்டியது இடமும் நிலையும் நேரமும். மேசை வேண்டாம், தரையில் கனமான ஜமக்காளம் விரித்து, நாய் தானாகப் படுக்கும் நிலையிலேயே வாருங்கள். காலையில் எழுந்ததும் தொடங்காதீர்கள். இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு அப்போது இறுகியிருக்கும்; சிறு நடை நடந்து உடம்பு சூடான பிறகு அதுவே சற்றுத் தளர்ந்திருக்கும். மருத்துவர் எழுதித் தந்த வலிமருந்து இருந்தால், அது வேலை செய்யும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப உட்காருங்கள். முன்னங்காலைத் தூக்க வேண்டுமென்றால் முழங்கைக்கு அடியில் ஒரு கையைத் தாங்கல் கொடுத்து, முன்பக்கமாகச் சில அங்குலம் மட்டும். எந்தக் காலையும் பக்கவாட்டில் விரிக்கக் கூடாது. பின்னங்காலைத் தூக்காமலே, படுத்திருக்கும் நிலையில், அது மடக்கி வைத்திருக்கும்படியே விட்டு வாரலாம். தொடை இடுக்குக்கு மேல்காலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். கை விலகியதும் கால் தொப்பென்று விழாமல் மெதுவாக இறக்குங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் நான்கு காலையும் பிடித்து முதுகு வழியாக உருட்டிப் போடுவது பலருக்கும் பழக்கம். அதை விட்டொழிக்க வேண்டும். அதுவாக எழுந்து சுற்றிவந்து மறுபக்கம் படுத்தால் தொடருங்கள். படுக்கவில்லையா, மறுபக்கம் நாளைக்கு. எங்கள் வீட்டுக் கிழட்டுக் கோல்டனுக்கு இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம், நகம் ஞாயிற்றுக்கிழமை என்று பிரித்துவைத்த பிறகு அது சீப்பைப் பார்த்து எழுந்து போவதில்லை.

“இவ்வளவுக்கும் யாருக்கு நேரமிருக்கு?” என்பது கடைசி வாதம். உண்மையில் நேரம்தான் இங்கே மொட்டைக்கு எதிரான சாட்சி. ஒட்ட வழித்து, குளிப்பாட்டி, ஊதிக் காயவைக்க மேசைமேல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வலிக்கிற காலோடு நாய் நிற்க வேண்டும். பிளேடு சூடேறித் தோல் கன்றிப்போவதும் உண்டு. அந்த ஒரு நாள் நிற்றலுக்குப் பிறகு பல நாய்கள் மறுநாள் எழவே மாட்டா. தினம் பத்து நிமிடம் படுத்தபடி வாரப்படும் நாய்க்கு இந்த அவஸ்தை கிடையாது. ஓர் உலோகச் சீப்பு, ஒரு ஸ்லிக்கர் பிரஷ், ஒரு நகவெட்டி. இது பணக்காரர் பேச்சும் இல்லை.

மொட்டையே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஷிட்ஸு, லாசா, பூடில் கலப்புகளுக்கு முடி நிற்காமல் வளரும். மூட்டு வலி வந்தால் அவற்றை ஓரிரு அங்குலத்துக்குக் குட்டையாக வெட்டி வைத்திருப்பதே புத்திசாலித்தனம். எந்த நாய்க்கும் ஆசனவாயைச் சுற்றிய முடியையும் பின்தொடைத் தோகையையும் குறைத்துவிடலாம். உடம்பெல்லாம் ஒரே கம்பளியாகச் சடைபிடித்துவிட்ட நாயை வார முயல்வதுதான் சித்திரவதை. அதற்கு மருத்துவமனையில், மயக்கமும் வலிமருந்தும் கொடுத்து, முழுக்க வழித்துவிடுவதே கருணை. ஆனால் அது தோற்றுப்போன இடத்தில் செய்யும் காரியம். அதையே ஆண்டுதோறும் திட்டமாக வைத்துக்கொண்டு, நடுவில் பதினோரு மாதம் சீப்பைத் தொடாமல் இருப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

குரூமிங் கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாயைக் கையில் வாங்கும் முன் “எழுந்திருக்க, படியேற சிரமப்படுதா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆமாம் என்றால் மேசையையும் சுருக்கையும் விட்டுவிட்டுத் தரையில் பாய் விரியுங்கள். வேலையை இரண்டு நாளாகப் பிரித்து, அதற்கான கூலியையும் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். நாய் வளர்க்கிறவர்களுக்கும் ஒன்று. “கடிக்குது” என்று கடைக்காரர் சொன்னால் வாய்ப்பூட்டு வாங்கப் போகாமல், முதலில் இடுப்பையும் முழங்காலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903ல் தொடங்கிய கல்லூரி அது. எக்ஸ்ரே எடுத்து, தோலையும் பார்த்து, இந்த நாய்க்கு மொட்டைதான் வழி என்று மருத்துவர் சொன்னால் தாராளமாக அடியுங்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.